டிவியில் அப்பா பார்த்த கிரகப்பிரவேசம்

பிரபு,

நீ வாங்கி அனுப்பிய பெரிய டிவி நேற்று வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர்கள் சுவரில் மாட்டித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். பணம் கட்டியவர் சொன்னால்தான் எடுப்போம் என்று வராந்தாவில் பெட்டியோடு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களிடம் சொல்லிவிடு. குழந்தைக்குக் காது குத்துவதைக் கோவளத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் வைத்திருப்பதாகவும், அப்பாவுக்கு அவ்வளவு தூரம் அலைச்சல் வேண்டாம் என்றும், லைவ் லிங்க் அனுப்பினால் நாங்கள் இந்த டிவியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றும் போனில் சொன்னாய். "அம்மா, லைன்ல இருக்கியா?" என்று கேட்டாய். இருந்தேன். நான் சொல்ல வேண்டியது போனில் சொல்லி முடிக்கக்கூடியதாக இல்லை. தவிர, போனில் பேசினால் நீ நடுவில் "அதில்லம்மா" என்று ஆரம்பிப்பாய். கடிதத்தில் அது முடியாது. இதை நித்யா படிக்கட்டும், அவள் வீட்டார் படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஒளித்து வைக்க என்னிடம் எதுவும் இல்லை.

உன் கேளம்பாக்கம் வீட்டுக் கிரகப்பிரவேசத்திலிருந்து தொடங்குகிறேன். பதினான்காவது மாடி என்று நீ சொன்ன நாளிலிருந்து அப்பாவுக்கு அதே பேச்சு. தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் வரைக்கும் எத்தனையோ வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். சாலையின் இரண்டு பக்கமும் உப்பளமும் சவுக்குத்தோப்பும் இருந்த காலம் அது. "மேல நின்னு பாத்தா நம்ம ரூட்டு பூரா தெரியும்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். வலது கையும் காலும் விழுந்துபோய், வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க மூச்சு வாங்கும் நிலையில் அதைச் சொன்னார். முடி வெட்டுகிறவரை வீட்டுக்கு வரவழைத்தார். வெள்ளைச் சட்டையை என்னைத் தேய்க்கச் சொல்லி, சரியில்லை என்று மறுபடியும் தேய்க்கச் சொன்னார். விசேஷத்துக்கு முதல் நாள் நீ வந்தாய். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று சொன்னாய்.

"லிஃப்ட் இன்னும் ரெடி ஆகலப்பா. நாங்களே படி ஏறித்தான் போகணும். ஐயர் வந்து சின்னதா ஒரு ஹோமம் பண்ணிட்டுப் போயிடுவார், அவ்வளவுதான். லிஃப்ட் வந்ததும் உங்களைத் தனியா கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

"பில்டர் லேட் பண்ணா நீ இன்னா பண்ணுவ. பரவால்ல. நல்லபடியா முடி" என்றார் அப்பா. நீ என்னைப் பார்த்து, "நீ மட்டும் வரியாம்மா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள், "உன் முட்டிவலிக்குப் பதினாலு மாடி எப்படி ஏறுவே" என்று நீயே முடித்தும் விட்டாய். மறுநாள் காலையில் அப்பா குளித்துவிட்டு, அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிடச் சொல்லி, நல்ல நேரம் முடிகிற வரைக்கும் அதோடு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எனக்கு உன்மேல் எந்த வருத்தமும் இல்லை. கட்டியவர்கள்மேல்தான் கோபம்.

அதற்குப் பிறகு போட்டோ, போட்டோ என்று ஒரே நச்சரிப்பு. நீ போனில் அனுப்பியதை அவரால் பார்க்க முடியவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் கண்ணுக்கு வலது பக்கம் தெரிவதில்லை என்று டாக்டர் உன்னை வைத்துக்கொண்டுதான் சொன்னார். உள்ளங்கை அளவு திரையில் அவருக்கு என்ன தெரியும். கட்டிலுக்கு எதிரே இருக்கிற பழைய டப்பா டிவியில்தான் அவருக்கு எதுவும் புரிகிறது. அதுகூட டிவி அவருக்கு இடது பக்கம் வரும்படி ஒருக்களித்துப் படுத்தால். அந்த டிவியில் பென்டிரைவ் செருக இடம் கிடையாது. பழைய பாட்டுகள் பார்க்க அவரே ஆசையாக வாங்கிய டிவிடி பிளேயர் மட்டும்தான் அதோடு இணைத்திருக்கிறது. நித்யாவின் சித்தி மகள் எல்லாப் படத்தையும் கோத்து, நாதஸ்வரம் சேர்த்து, கம்ப்யூட்டரில் ஸ்லைடு ஷோ செய்திருக்கிறாள் என்று நீதான் சொன்னாய். அதை ஒரு டிவிடியாக மாற்றிக் கொடு என்று உன்னிடம் கேட்டேன்.

"இப்ப யாரும்மா டிவிடி பாக்கறாங்க? என் லேப்டாப்ல டிரைவே கிடையாது."

"யாரும் பாக்கல. உங்கப்பா பாப்பாரு."

"பாக்கறேம்மா" என்றாய். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கடைசியில் ஒருநாள், நான் மறுபடியும் கேட்டபோது, மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அந்த ஸ்லைடு ஷோவை அப்படியே எனக்கு மெயிலில் தள்ளிவிட்டாய். அனுப்புவதற்கு முன்னால் நீ அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டாய்.

நான் பள்ளிக்கூட ஆபீஸில் இருந்தவள். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, கூட இருந்தவர்கள் பயந்து ஒதுங்க, நான் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள். நீ காலேஜில் வைத்திருந்த லேப்டாப் இன்னும் இங்கே பீரோமேல்தான் இருக்கிறது. அதில் டிஸ்க் போடும் தட்டு இருக்கிறது. வெற்று டிஸ்க்தான் கிடைக்கவில்லை. குரோம்பேட்டையில் கேட்ட கடையிலெல்லாம் சிரித்தார்கள். தாம்பரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவில் மீந்துபோனது கொஞ்சம் கிடந்தது, வாங்கி வந்தேன். முதலில் ஸ்லைடு ஷோவை அப்படியே டிஸ்க்கில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்டேன். பிளேயர் கரகரவென்று சுற்றிவிட்டு, டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டது. அப்பா ரிமோட்டைப் பிடித்தபடி வெறும் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வரும், வரும், இரு" என்று எனக்கே சமாதானம் சொன்னார்.

போனில் தேடிப் படித்தபிறகுதான் புரிந்தது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்த ஸ்லைடு ஷோவை டிவிக்குத் தெரியாது. முதலில் அதை வீடியோவாக மாற்ற வேண்டும். அந்த வீடியோவை, இலவசமாகக் கிடைக்கிற வேறொரு புரோகிராமில் போட்டு, பிளேயருக்குப் புரிகிற டிவிடியாக எழுத வேண்டும். நம் ஊர் டிவிக்கா, அமெரிக்க டிவிக்கா என்று அது ஒரு கேள்வி கேட்கும், அதற்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். செய்தேன். பழைய லேப்டாப் சூடேறி, அதன் விசிறி இரைந்து, ஒரு மத்தியானம் முழுக்க ஓடியது. இந்தத் தடவை படம் வந்தது. ஆனால் அகலமான படங்கள் நம் சதுர டிவியில் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு வந்தன. வாசலில் நிற்கிற உனக்கு ஒரு தோள் இல்லை. போதாததற்கு, ஒரு படத்தைக் கண் பிடிப்பதற்குள் அடுத்தது பாய்ந்து வந்தது. கோலம், கலசம், ஹோமப் புகை என்று கொஞ்சம் ஓடியதும் அப்பா இடது கையைத் தூக்கினார். "நிறுத்தும்மா. தலை சுத்துது. மெதுவா காட்டு, நான் ஒண்ணொண்ணா பாக்கணும்" என்றார்.

ஒன்றொன்றாகப் பார்க்க வேண்டும் என்றால், ஒன்றொன்றாகத் திறந்து, சுற்றிலும் ஓரம் விட்டுச் சுருக்கி, திரையில் நிற்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். மறுநாள் அவர் தூங்கும்போது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஐயரும் நீங்களும் மட்டும் என்று சொன்ன வீட்டில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. உன் ஆபீஸ்காரர்கள், நித்யாவின் பெரியப்பாக்கள், பட்டுப்புடவைகள். படியேறி வந்திருப்பார்கள், வயசுப் பிள்ளைகள்தானே என்று அப்போதும் உனக்காக நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அடுத்த படத்தைத் திறந்தேன். மாவிலைத் தோரணம் கட்டிய லிஃப்ட். கதவு திறந்திருக்கிறது. உள்ளேயிருந்து நித்யாவின் தாத்தா வீல்சேரில் வெளியே வருகிறார், மடியில் தாம்பாளம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவது நீ. வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாய்.

நான் அந்தப் படத்தைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்தபிறகுதான் எழுந்தேன். அப்பாமார்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லித்தான் கடிதம் எழுதுவார்கள் என்பார்கள். அம்மா நானும் ஒன்று சொல்லி வைக்கிறேன், கேட்டுக்கொள். பொய் சொல்வதென்றால் அதற்கு வேண்டிய உழைப்பைச் செய். சோம்பேறித்தனமாகப் பொய் சொல்லாதே. அனுப்புகிற படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பு. எங்களை ஏமாற்றுவதற்குக்கூட உனக்கு ஐந்து நிமிஷம் ஒழியவில்லை என்பதுதான் எனக்குப் பொய்யைவிட அதிகமாக வலித்தது.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது லீவு விட்டால் அப்பாவின் பஸ்ஸில் இன்ஜின் பானெட் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கோவளம் போய்வருவாய். ஏறுகிறவர்களிடம் "எங்கப்பாதான் ஓட்டறாரு" என்பாயாம். கண்டக்டர் செல்வம் வந்து சொல்லிச் சிரிப்பார். அதே நீதான் உன் கல்யாண ரிசப்ஷன் மேடையில், உன் மேனேஜரிடம் "அப்பா டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மென்ட்ல இருந்து ரிடையர் ஆனார்" என்றாய். அப்போது அவர் நன்றாக இருந்தார். கையைக் கொடுத்து, "பஸ் டிரைவர் சார்" என்று அவரே சொன்னார். அந்த மேனேஜர் அதைக் கேட்டுச் சந்தோஷமாகத்தான் சிரித்தார். உன் முகம்தான் சுருங்கியது. அதை நான் பார்த்தேன். கல்யாண அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அந்த டிரைவருக்கு வாய் கோணி, சாப்பிட்டால் ஓரத்தில் ஒழுகி, துண்டால் யாராவது துடைத்துவிட வேண்டியிருக்கிறது. பட்டுப்புடவைகளுக்கு நடுவில் அந்தத் துண்டு உனக்கு இடைஞ்சல்.

லிஃப்ட் படத்தை நான் அழித்தேன். அது ஒன்று போனால் மற்றதைச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். புதிதாக வீடியோ ஆக்கி, புதிதாக ஒரு டிஸ்க் எழுதி, சாயங்காலக் காப்பி கொடுத்துவிட்டுப் போட்டேன். அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்து, இடது பக்கம் தலையணை கொடுத்தேன். படங்கள் நிதானமாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை சொன்னார். வாசல் நிலை தேக்கா என்று கேட்டார். நித்யாவின் புடவை நன்றாக இருக்கிறது என்றார். பால்கனிப் படம் வந்ததும் ரிமோட்டில் நிறுத்தினார். கீழே சாலை பிரிகிற இடம் தெரிந்தது. "தோ, அந்த வளைவுதான். மழை வந்தா அங்க முட்டி அளவு தண்ணி நிக்கும்" என்று எனக்குக் காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்து வெகுநாளாகிவிட்டது. அதற்கடுத்துப் பந்திப் படம் வந்தது. லேப்டாப்பில் அது வெறும் இலை வரிசையாகத்தான் எனக்குத் தெரிந்தது. டிவியில் வந்தபோது, வரிசையின் இடது கோடியில் அந்தத் தாத்தா வீல்சேரில் உட்கார்ந்து சாப்பிடுவது நன்றாகத் தெரிந்தது. அப்பா மறுபடியும் ரிமோட்டை அழுத்தினார்.

"அந்தப் பெரியவர் எப்படி மேல வந்தாரு?"

"தூக்கிக்கிட்டு வந்திருப்பாங்க" என்றேன்.

"பதினாலு மாடிக்கா?"

அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ முன்னாடியே பாத்துட்ட" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப லிஃப்ட் ஓடிக்கினுதான் இருந்துருக்கு." அதற்கும் ஆமாம் என்றேன். லிஃப்ட் படத்தைப் பற்றியும் சொன்னேன். நாற்காலியைத் தள்ளியது நீ என்பதை மட்டும் சொல்லவில்லை.

உனக்கு உடனே போன் போட எழுந்தேன். என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "கேக்காத. வெக்கமா இருந்துருக்கும் அவனுக்கு, வுடு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வெக்கமா இருக்குப்பான்னு என்கிட்ட சொல்லியிருந்தா, நானே வரலன்னு சொல்லியிருப்பேனே" என்றார். வாய் கோணியவர் அழுதால் முகம் எப்படி ஆகும் என்று உனக்குத் தெரியாது. நான் துண்டை எடுத்துத் துடைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். பிளேயர்மேல் டிஸ்க்கைப் பார்த்துவிட்டு, "நீயே பண்ணிட்டியாம்மா? சூப்பர்" என்றாய். நான் அடுப்படியில் நின்றுகொண்டேன். வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் பேசிவிடுவேன். அப்பா உன்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, மெதுவாகக் கேட்டார்.

"லிஃப்ட் போட்டாச்சாப்பா?"

அந்தக் கேள்வியை உனக்கு ஒரு வழியாகத்தான் திறந்துவைத்தார் என்று எனக்குத் தெரியும். அதற்குள் நுழைந்து, "இல்லப்பா, அன்னிக்கே இருந்துச்சு, தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்லியிருந்தால் அந்த ஒரு கையால் உன்னைக் கட்டிக்கொண்டிருப்பார். நீ போனைப் பார்த்துக்கொண்டே, "இப்பதாம்பா, போன வாரம்தான் வந்துச்சு" என்றாய். "நல்லது" என்றார். நான் கொடுத்த பஜ்ஜியை நீ சாப்பிட்டாய். எண்ணெய் அதிகம் என்றாய். போய்விட்டாய்.

இதுவரைக்கும் நடந்ததில் பாதியாவது உனக்குத் தெரியும். இனி சொல்லப்போவது தெரியாது. போன மாதம் ஒருநாள் அப்பா செல்வத்துக்குப் போன் போடச் சொன்னார். செல்வம் இப்போது சொந்தமாகக் கார் ஓட்டுகிறார். "கேளம்பாக்கம் போய்ட்டு வரலாம். வேலை நாளா பாத்துப் போவோம், அவங்க ரெண்டு பேரும் ஆபீஸ்ல இருப்பாங்க, கொழந்த நித்யா அம்மா வூட்டுல இருக்கும்" என்றார் அப்பா. எதற்கு என்று நான் கேட்டதற்கு, பார்க்க வேண்டும் என்றார், அவ்வளவுதான். அஸ்தினாபுரத்து நம் வீட்டிலிருந்து மத்தியானம் கிளம்பினோம். வழியெல்லாம் இருவரும் பழைய ஸ்டாப்பிங் பேர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். உன் அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி காரை நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். செல்வம் உன் பேரைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா, "வாடகைக்கு வூடு பாக்கணும்பா" என்றுவிட்டார். மேல் மாடிகளில் காலி வீடு இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று விட்டார்கள். வீல்சேரைப் பார்த்துவிட்டு அந்த செக்யூரிட்டியே லிஃப்ட் வரைக்கும் வந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"லிஃப்ட் எப்ப போட்டாங்க?" என்று அப்பா கேட்டார்.

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? ஆளுங்க குடி வர்றதுக்கு முன்னாடியே ஓடிக்கினு கீது. கரண்ட் போனாக்கூட நிக்காது, பயப்படாம போங்க."

மேலே போனோம். உன் வீட்டு வாசலில் தோரணம் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கதவு பூட்டியிருந்தது. நடைபாதைக் கோடியில் ஒரு ஜன்னல் இருக்கிறது, தெரியுமா உனக்கு? அங்கே கொண்டுபோய், ஜன்னல் அவருக்கு இடது பக்கம் வரும்படி நாற்காலியைத் திருப்பி நிறுத்தினேன். அவர் ஓட்டிய சாலை வெயிலில் நீளமாகக் கிடந்தது. பார்த்தார். செல்வம் தள்ளி நின்றார். திரும்பி வரும்போது அப்பா உன் வாசலில் நிறுத்தச் சொன்னார். இடது கையை நீட்டி நிலைப்படியைத் தடவிப் பார்த்தார். அது தேக்குத்தான். அந்த நேரத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். உன் வயசுதான் இருக்கும், மரியாதையான பெண்.

"யாரு வேணும் அங்கிள்? அவங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிருக்காங்க. ஏதாவது சொல்லணுமா? நீங்க அவங்களுக்கு ரிலேட்டிவா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். ஆமாம், அப்பா என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவருக்கு மூச்சு இருந்தது. அவர் முதலில் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"இல்லம்மா. மாடி தப்பா வந்துட்டோம்."

இறங்கி வந்துவிட்டோம். காரில் ஏற்றும்போது செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏண்ணா அப்படிச் சொன்ன?" என்றார். "நாளைக்கு அந்தப் பொண்ணு அவனைக் கேக்கும். அவன் இன்னா பதில் சொல்லுவான்?" என்றார் உன் அப்பா.

காது குத்துக்கு நாங்கள் வரவில்லை. லிங்க்கும் அனுப்பாதே. குழந்தைக்குத் தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். நீயும் நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார், அதையும் எழுதிவிட்டேன். இரண்டும் அவர் சொன்னவை, என்னுடையதாக எடுத்துக்கொள்ளாதே. உனக்கும் ஒருநாள் இப்படி வரும் என்றெல்லாம் நான் சபிக்க மாட்டேன். அந்தக் குழந்தை அப்படி வளர வேண்டாம். கேளம்பாக்கத்துக்குப் போய்வந்ததை உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். அவரோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் அவருக்குக் கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை. உன்னால் இன்று மீறுகிறேன். எதிர்வீட்டுப் பெண் கேட்டால் என்ன சொல்வது என்று நீயே யோசித்துக்கொள்.

அம்மா